மனு, விளம்பரம், மேடை, கண்ணகி: சொல்வன்மைப் பாடத்தை எதில் தொடங்குவது?

பதினொன்றாம் வகுப்பு மாணவரிடம் ஒரு பேச்சைக் கொடுத்து, "இது கேட்பவரை எப்படித் தன் பக்கம் இழுக்கிறது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் வரும் பதில், "இதில் உவமை அணி பயின்று வந்துள்ளது" என்பதுதான். இலக்கணம் சொல்வார், சான்று காட்டுவார், பொருத்திவிடுவார். தேர்வுக்கு அது முழு விடை. அந்த உவமை அந்த இடத்தில் எதற்கு வந்தது, அதைக் கேட்டவர் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று அடுத்த கேள்வியைப் போட்டால் வகுப்பு பேச்சற்றுப் போகும். தண்டியலங்காரத்தின் 35 பொருளணிகளையும் ஒப்பிக்கத் தெரிந்தவர்கூட, செய்தித்தாளுக்குள் செருகி வந்த நோட்டீஸைப் பார்த்து அப்பா ஏன் மனைக்கு முன்பணம் கொடுத்தார் என்று சொல்லத் தெரியாமல் விழிப்பார்.

இந்தப் பழக்கத்தை உடைக்க எந்தப் பாடத்தைக் கையில் எடுப்பது என்பதுதான் கேள்வி. பேச்சு கேட்பவரை எப்படி இணங்கவைக்கிறது என்று ஆராயும் சொல்வன்மைக்கென்று நம் பாடத்திட்டத்தில் தனிப் பாடவேளை இல்லை. தமிழாசிரியர் தம் நேரத்திலிருந்து கிள்ளி எடுத்துக் கொடுக்க வேண்டும். அதனால் தொடக்கம் தவறினால் திருத்திக்கொள்ள அவகாசமும் இருக்காது. சேலத்துத் தமிழாசிரியர்கள் நாலு பேர் கூடினால் நாலு யோசனை வரும்: பழந்தமிழ்ப் பகுதி, தலைவர்களின் மேடைப்பேச்சு, பட்டிமன்றம், விளம்பரம். ஐந்தாவதாக நான் ஒன்றைச் சேர்க்கிறேன்: திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கும் மனு. என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மனுவில் தொடங்கிக் கண்ணகியில் முடிக்க வேண்டும். விளம்பரம் இடையில் சிறிது நேரம் வந்து போகலாம். மேடைப்பேச்சு காத்திருக்கலாம். பட்டிமன்றத்தை ஆண்டு விழாவுக்கு விட்டுவிடலாம்.

அமெரிக்கப் பள்ளிகளில் இது நிலைபெற்ற பாடம். அங்கே பள்ளி மாணவர் எழுதும் ஏபி (Advanced Placement) ஆங்கில மொழித் தேர்வில் மூன்று கட்டுரைகள் உண்டு. அவற்றில் ஒன்று, கொடுத்த உரையை எழுதியவர் தம் கருத்தை ஏற்கவைக்க என்னென்ன செய்கிறார் என்று ஆராய்ந்து எழுதுவது. அந்த ஆசிரியர்களுக்கும் நம்முடைய தொல்லையே இருக்கிறது. மாணவர்கள் உத்திகளின் பெயரை அடுக்கிவிட்டு ஓய்ந்துவிடுகிறார்கள். அதனால்தான் அங்கே உத்தியைத் தேடுவதற்கு முன்பே சில கேள்விகளைக் கேட்கப் பழக்குகிறார்கள்: யார் பேசுகிறார், யாரிடம் பேசுகிறார், இப்போது பேச வேண்டிய அவசியம் என்ன, கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்? எந்தப் பாடம் இந்தக் கேள்விகளுக்கு மாணவர் தாமாகவே விடை காணும்படி இருக்கிறதோ அதையே முதலில் எடுக்க வேண்டும். என் ஒப்பீட்டுக்கு இதுதான் அளவுகோல்.

இந்த அளவுகோலில் மனுவை எதுவும் மிஞ்சவில்லை. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று மேலேயே எழுதியிருக்கிறது. வேண்டுவது என்ன என்பது கடைசிப் பத்தியில் இருக்கிறது, அல்லது இருக்க வேண்டும். கேட்டவர் இணங்கினாரா இல்லையா என்பதும் சில வாரங்களில் தெரிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு, சேர்வராயன் மலையில் ஏதோ ஓர் ஊர்ப் பிள்ளைகள் பஸ் கேட்டு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். மாணவர்களை எழுதச் சொன்னால் முதலில் வருவது இப்படி இருக்கும்: "எங்கள் ஊருக்குப் போதிய பேருந்து வசதி இல்லாத காரணத்தால் மாணவ மாணவியர் சொல்லொணாத் துயரத்திற்கு ஆளாகி வருகின்றனர். எனவே தாங்கள் கருணை கூர்ந்து ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்." கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பவர்களின் கை வழியாக ஊரெல்லாம் பரவிய நடை இது. பணிவில் ஒரு குறையும் இல்லை. ஆனால் படிக்கும் அதிகாரி என்ன செய்ய வேண்டும்? "ஆவன" என்றால் எது?

இரண்டாவது மனு: "பள்ளி மாலை 4.20க்கு விடுகிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் பஸ் 4.10க்குக் கிளம்பிவிடுகிறது. அடுத்த பஸ் 7 மணிக்கு. ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவிகள் காட்டுப் பாதையில் நடந்து வர வேண்டியிருப்பதால் இரண்டு பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள். புதிய பஸ் கேட்கவில்லை. இப்போது ஓடும் பஸ்ஸை 20 நிமிடம் தள்ளி எடுத்தால் போதும்."

இரண்டையும் பக்கம் பக்கமாகக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மாணவர்களே பேசட்டும். "புதிய பஸ் கேட்கவில்லை" என்ற வாக்கியம் என்ன செய்கிறது? அதிகாரி மனத்துக்குள் தயாராக வைத்திருக்கும் மறுப்பை, அவர் சொல்வதற்கு முன்பே எடுத்துப் போட்டுவிடுகிறது. புதிய பஸ் என்றால் வண்டி வேண்டும், ஓட்டுநர் வேண்டும், மேலிடத்து ஒப்புதல் வேண்டும். நேரத்தை மாற்றுவது டிப்போ அளவிலேயே பேசி முடிக்கக்கூடிய காரியம். கேட்பவரின் கைக்கு எட்டுவதைக் கேட்டிருக்கிறார்கள். 4.10, 4.20 என்ற இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே ஒரு வாதம். "சொல்லொணாத் துயரம்" சொல்ல முடியாததை, "இரண்டு பேர் படிப்பை நிறுத்திவிட்டார்கள்" சொல்லிவிடுகிறது. அதே சமயம் இரண்டாவது மனுவைப் படிக்கும் ஒரு கூர்மையான மாணவி, "படிப்பை நிறுத்தியதற்குக் காரணம் பஸ்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பாள். கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்த நாளில்தான் பாடம் தொடங்கியது என்று வைத்துக்கொள்ளலாம்.

மனுவின் குறை, அது வறண்டது என்பது. மொழியின் அழகை ரசிக்க அதில் இடம் குறைவு. ஒரு மாதம் முழுக்க மனுவையே வைத்துக்கொண்டிருந்தால் வகுப்பு தாலுகா அலுவலகமாகிவிடும். இன்னொரு சங்கடமும் உண்டு. சேலம் சென்னை எட்டு வழிச்சாலை நிலம் எடுப்பைப் போல மாணவர்களின் சொந்தக் குடும்பமே கையெழுத்திட்ட மனுக்கள் இங்கே உண்டு. அந்த அறிவிப்புகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வேறு முடிவு சொன்னது. வாதங்களைப் படிக்க அருமையான களம்தான். ஆனால் நிலம் போகுமோ என்று தூக்கமிழந்த வீட்டுப் பிள்ளையிடம், உன் அப்பா எழுதியதில் உணர்ச்சி எவ்வளவு, காரணம் எவ்வளவு என்று பிரிக்கச் சொல்வது எனக்கு உவப்பில்லை. மனு யாருடைய காயத்தையும் கிளறாத அளவுக்குச் சிறியதாக இருக்கட்டும். பஸ், தெருவிளக்கு, கழிப்பறைத் தண்ணீர், இவை போதும்.

விளம்பரத்தின் வசதி, அது எங்கும் கிடைக்கிறது. ஓமலூர்ச் சாலையில் மனை விற்கும் நோட்டீஸ் ஒன்றை எடுங்கள். "விமான நிலையத்திலிருந்து 10 நிமிடம்" என்றிருக்கும். எத்தனை கிலோமீட்டர் என்று இருக்காது. எந்த வண்டியில், எத்தனை மணிக்கு, எந்தப் போக்குவரத்தில் அந்தப் பத்து நிமிடம்? "இன்னும் சில மனைகளே உள்ளன" என்பதில் சில என்றால் எத்தனை? மாம்பழக் காலத்தில் கடைத்தெருவில் தொங்கும் அட்டைகள் இன்னும் நல்ல பாடம். "கல் வைத்துப் பழுக்காத மல்கோவா" என்ற அட்டை தன் பழத்தைப் பற்றி ஒன்று சொல்கிறது, பக்கத்துக் கடைப் பழத்தைப் பற்றிச் சொல்லாமலே ஒன்று சொல்கிறது. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படியே தடை செய்யப்பட்டது. அப்படியிருக்க, சட்டத்தை மீறவில்லை என்பதையே ஒருவர் தனிச்சிறப்பாக எழுதித் தொங்கவிட முடிகிறது. நாமும் நின்று வாங்குகிறோம்.

பிள்ளைகள் இதில் உற்சாகமாக இறங்குவார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம், அதில் நடிப்பவருக்கும் அது பொருந்தும் என்று சொன்னால் கண்கள் விரியும். ஆனால் இரண்டே பாடவேளையில் சரக்கு தீர்ந்துவிடுகிறது. அதைவிட மோசம், இதிலேயே தங்கிவிட்டால் "எல்லாம் ஏமாற்று வேலை" என்ற ஒற்றை முடிவோடு வெளியே போகிறார்கள். பிறரை இணங்கவைக்கும் பேச்சு என்றாலே புளுகு என்று நினைக்கும் பிள்ளைக்கு நியாயமான வாதத்தின் அருமை பிடிபடாது. ஆகவே விளம்பரம் ஊறுகாய் அளவோடு நிற்கட்டும்.

மேடைப்பேச்சைப் பின்னுக்குத் தள்ளுகிறேன் என்றதும் சேலத்துக்காரர்கள் கோபிப்பார்கள். கோபத்தில் நியாயமும் இருக்கிறது. 1917இல் இந்த நகராட்சிக்குத் தலைவரானவர் ராஜாஜி. சென்னை மாகாணத்தின் பிரதமரான (அன்று முதலமைச்சருக்கு அதுதான் பெயர்) பிறகு மதுவிலக்கை அவர் முதலில் கொண்டுவந்ததும் சேலம் மாவட்டத்தில்தான், 1937 அக்டோபர் 1 அன்று. 1944 ஆகஸ்ட் 27 அன்று நீதிக்கட்சி திராவிடர் கழகம் எனப் பெயர் மாறியது சேலம் மாநாட்டில். பேச்சால் ஊரைத் திருப்பியவர்கள் நடந்த மண்ணில் மேடைப்பேச்சைக் கற்பிக்காமல் வேறு எங்கே கற்பிப்பது?

கற்பிக்கலாம், தொடக்கமாக வேண்டாம் என்கிறேன். மேடைப்பேச்சில் பாதி, குரலிலும் கூட்டத்திலும் இருக்கிறது. அச்சில் படிக்கும் பிள்ளைக்கு எதுகையும் அடுக்குத்தொடரும் மட்டும் கண்ணில் படும். மறுபடி அணி தேடும் வேலைக்கே திரும்பிவிடுவார். தலைவர்மேல் பக்தி இருந்தால் குறை சொல்ல நா எழாது, பகை இருந்தால் நிறை கண்ணில் படாது. பெற்றோர் யார் வந்து என்ன கேட்பார்களோ என்று ஆசிரியரும் அடக்கி வாசிப்பார். அண்ணாவின் 1962 மாநிலங்களவைக் கன்னிப்பேச்சை எடுக்கலாம் என்பார்கள். அது ஆங்கிலத்தில் பேசப்பட்டது. மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு சொல் தேர்வை ஆராய்வது வீண்.

மேடையிலிருந்துதான் எடுப்பேன் என்பவருக்கு என் யோசனை: பேச்சை விட்டுத் தீர்மானத்தை எடுங்கள். சேலம் மாநாட்டில் நிறைவேறியது அண்ணாதுரை தீர்மானம் என்றே பெயர் பெற்றது. கட்சியின் பெயரை மாற்றியதோடு, பிரிட்டிஷ் அரசு கொடுத்த பட்டங்களைத் துறக்கச் சொன்னதும் அந்த மாநாடு. யாரிடம் சொன்னது என்று பாருங்கள். சர், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று பட்டம் தாங்கியவர்கள் நிறைந்திருந்த கட்சியிடம். கேட்பவர் இழக்க வேண்டியது இருக்கும்போது அவரை எப்படி இணங்கவைப்பது? பட்டம் இல்லாத தொண்டருக்கு இந்தக் கோரிக்கை எப்படிக் கேட்டிருக்கும், பட்டம் உள்ளவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? பன்னிரண்டாம் வகுப்பில், சொல்லைப் பிரித்துப் பார்க்கப் பழகிவிட்ட பிள்ளைகளுக்கு இது தாங்கும்.

பட்டிமன்றத்தைப் பற்றி நீட்ட எனக்கு மனமில்லை. கூச்சம் போக்கும், நா பழகும், பெற்றோர் மகிழ்வர். ஆனால் கைதட்டுக்காக உழைக்கப் பழக்குகிறது. எதிரணி சொன்னதில் எது சரி என்று ஒப்புக்கொள்பவருக்கு அந்த மேடையில் இடமில்லை. கடைசியில் நடுவர் இரண்டு பக்கத்தையும் தடவிக் கொடுத்துவிட்டுப் போவார். ஒரே ஒரு நல்ல பயிற்சி அதிலிருந்து எடுக்கலாம்: பட்டிமன்ற ஒலிப்பதிவைப் போட்டு, கைதட்டல் எழும் இடத்துக்கு முந்தைய வாக்கியத்தை மட்டும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியங்களில் எத்தனை காரணம் சொல்கின்றன, எத்தனை வெறுமனே இனிக்கின்றன என்று எண்ணச் சொல்லுங்கள்.

இனிக் கண்ணகி. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை வகுப்பில் நடத்தும்போது நாம் வழக்கமாகக் கற்பைப் பேசுவோம், அறச்சீற்றத்தைப் பேசுவோம். மனு எழுதிப் பழகிய பிள்ளையிடம் அதே பகுதியைக் கொடுத்தால் அவர் வேறொன்றைப் பார்ப்பார். குறை கொண்டு வந்த ஒருத்தி, தீர்ப்புச் சொன்னவன் முன்னாலேயே நின்று மேல்முறையீடு செய்கிறாள். பெறுநரும் எதிரியும் ஒருவனே. இதைவிடக் கடினமான நிலை யாருக்கு வாய்க்கும்?

அவள் பேசும் முன்பே வாயிற்காவலன் அவளைக் கொற்றவை அல்லள், காளி அல்லள் என்று அடுக்கி மன்னனை அச்சத்தில் நிறுத்திவிடுகிறான். மன்னன் கேட்பது எளிய கேள்வி: நீ யார்? அவள் முதல் அடியில் பதில் சொல்லவில்லை. "தேரா மன்னா", அதாவது ஆராய்ந்து பாராத மன்னனே, என்று தொடங்குகிறாள். பிறகு ஊரைச் சொல்கிறாள், புறாவுக்காகத் தன்னைத் தந்தவனும் பசுவின் கண்ணீருக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட ஊர் என்று. பிறகு கணவன் குலம், அவன் வந்த காரணம், அவன் கொலையுண்டது. கண்ணகி என்ற பெயர் எல்லாவற்றுக்கும் கடைசியில் வருகிறது. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, முன்பின்னாக மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பெயரை முதலில் வைத்தால் அவள் யாரோ ஒரு வணிகன் மனைவி. நீதிக்கு மகனையே கொடுத்த அரசனின் கதையைக் கேட்ட பிறகு வைத்தால், அந்த அளவுகோலின் முன் நிற்க வேண்டியவன் பாண்டியன் ஆகிவிடுகிறான். அதிலும் அவள் காட்டுவது சோழநாட்டு முன்னோரை. அடுத்த நாட்டு அரசன் நேர்மையில் உயர்ந்தவன் என்று ஓர் அரசனின் அவையில் நின்று சொல்வது குத்தலா, வாதமா என்று கேட்டால் வகுப்பு இரண்டாகப் பிரியும். பிரியட்டும். (நம் கிராமங்களில் அரசு நடத்தும் மனுநீதி நாளின் பெயரில் நிற்பவனும் இந்தப் பசுக்கதைச் சோழன்தான். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும்.)

மன்னனின் பதிலும் ஆராயத் தக்கது. கள்வனைக் கொல்வது கொடுங்கோன்மை ஆகாது என்கிறான். பொது விதியாகச் சரி. ஆனால் கோவலன் கள்வனா என்பதுதானே வழக்கு? நிறுவ வேண்டியதை நிறுவியதாக வைத்துக்கொண்டு பேசுகிறான். இந்தப் பிழையைப் பெயர் சொல்லாமலே மாணவர் கண்டுபிடிப்பார். அன்றாடம் வீட்டில் கேட்பதுதான். கண்ணகியோ அந்த விதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். என் சிலம்பின் பரல் முத்து என்று மன்னன் தானே சொல்லிச் சிலம்பைக் கொண்டுவரச் செய்கிறான். சோதனைக்கு உடன்பட்டது அவன், அளவுகோல் கொடுத்தவனும் அவன். உடைத்தபோது தெறித்தது மாணிக்கம்.

எதிராளியின் கருத்தை ஒப்புக்கொண்டு உள்ளே போய்ப் பின்பு களையும் இந்த முறைக்கு நன்னூலில் இடம் இருக்கிறது. அதன் ஆசிரியர் பவணந்தியார் சொல்லும் எழுவகை மதங்களில், அதாவது கொள்கை நிலைகளில், "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" ஒன்று. உடன்படல், மறுத்தல், பிறர்நூற் குற்றம் காட்டல் என்று மற்றவையும் வாதத்தின் நிலைகளே. நூலாசிரியருக்காக எழுதப்பட்ட சூத்திரம்தான், ஆனாலும் மாணவர் கையில் கொடுத்தால் வழக்காடும் எந்தப் பேச்சிலும் ஒட்டிப் பார்க்கலாம். அரிஸ்டாட்டிலின் மூன்று, அதாவது பேசுபவர்மேல் பிறக்கும் நம்பிக்கை, கேட்பவரிடம் எழும் உணர்ச்சி, பேச்சுக்குள் இருக்கும் காரணம், இவையும் கண்ணகியிடம் அப்படியே கிடைக்கும். எதை எடுப்பது என்று கேட்டால், முதல் நாளுக்கு அரிஸ்டாட்டில் எளிது, மூன்றே பெட்டி. ஆனால் மூன்று பெட்டியும் மறுபடி பெயர் ஒட்டும் வேலையாகிவிடும். "இது உணர்ச்சி, இது காரணம்" என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடுவார்கள்.

எனக்கு நம்பிக்கை, சொல்வன்மை அதிகாரத்துக் குறள் ஒன்றின்மேல்: "சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து." இதை அறிவுரையாக வாசிக்காமல் பயிற்சி முறையாக வாசியுங்கள். ஒரு சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டுப் பார்க்க வேண்டும். "தேரா மன்னா" என்பதில் தேராவை நீக்கிக் "கொடிய மன்னா" என்று போடுங்கள். கொடிய என்பது வசை. மன்னன் சினந்து காவலரைக் கூப்பிட்டிருக்கலாம், அத்தோடு கதை முடிந்திருக்கும். தேரா என்பது குற்றச்சாட்டு: நீ விசாரிக்கவில்லை. அதை மெய்ப்பிக்கலாம், பொய்ப்பிக்கலாம். அவள் சொன்ன மற்றவை எல்லாம் அந்த ஒரு சொல்லை மெய்ப்பிக்கவே வருகின்றன. கடைசியில் மன்னன் தன்னையே கள்வன் என்று அழைத்து வீழ்வதும் அந்தக் குற்றச்சாட்டுக்குத்தான் விடை. அணிப்பெயர் ஒன்றுகூடச் சொல்லாமல் இவ்வளவையும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளை எழுதிவிட முடியும். சொல்லை மாற்றிப் பார்த்தால் போதும்.

இவ்வளவு வளமான பகுதியை ஏன் முதலில் வைக்கவில்லை என்றால், உரையில்லாமல் பிள்ளைகளுக்குப் புரியாது. பொருள் சொல்லி முடிப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும். ஆராய்வது ஆசிரியர் ஆகிவிடுவார், மாணவர் குறிப்பெடுப்பார். கண்ணகி தெய்வமாகிவிட்டவள் வேறு. அவள் என்ன சொன்னாலும் சரி என்ற முடிவோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். மனுவில் கையைப் பழக்கிக்கொண்டு வந்தால், தெய்வத்தையும் ஒரு மனுதாரராகப் பார்க்கும் துணிவு வந்திருக்கும்.

ஊருக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ள வேண்டியதும் உண்டு. நகரத்துக்குள், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டைப் பக்கத்துப் பள்ளிகளில் விளம்பரத்துக்குப் பஞ்சமில்லை. மனு என்றால்தான் பிள்ளைகளுக்கு அந்நியம். ஒரு திங்கள்கிழமை விடுமுறையாக அமைந்த பெற்றோர் யாராவது அழைத்துப்போய் மனு வாங்கும் இடத்தைக் காட்டினால் நல்லது. மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு மனு வீட்டுச் சங்கதி, சாதிச் சான்றிதழிலிருந்து சாலை வரை. அவர்களுக்கு விளம்பரத்தில் ஒரு வேளை கூடுதலாகக் கொடுக்கலாம்; ஏற்காட்டுக் கோடை விழாக் காலத்தில் விடுதிகள் தங்கள் மலையை எந்தச் சொற்களால் விற்கின்றன என்று அவர்களையே திரட்டிவரச் சொல்லலாம். தங்கள் ஊரைப் பற்றி வெளியார் எழுதியதை ஆராயும்போது பிள்ளைகளுக்கு வரும் கோபமும் சிரிப்பும் வேறு எந்தப் பாடத்திலும் வருவதில்லை.

மதிப்பெண் கொடுக்கும்போது ஒரே கண்டிப்பு: அணிப்பெயருக்கு மதிப்பெண் இல்லை என்று முதலிலேயே அறிவித்துவிடுங்கள். "இந்தச் சொல் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்" என்பதற்கு மட்டும் மதிப்பெண். முதல் வாரம் முணுமுணுப்பார்கள்.

ஆண்டு முழுவதற்கும் இரண்டு பாடவேளைதான் கிடைக்கும் என்றால் விளம்பரத்தையும் விட்டுவிடுங்கள். முதல் வேளையில் இரண்டு பஸ் மனுக்கள். இரண்டாவதில் கண்ணகியின் பேச்சு மட்டும், "தேரா மன்னா" முதல் அவள் தன் பெயரைச் சொல்வது வரை, பக்கத்தில் எளிய உரையோடு ஒரே தாளில்.